பகலுணவு நோன்பும் இல்லத்து அடுப்பும்

(தண்டையார்பேட்டையில் நடைபெற்ற பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



‘சாவகர் ஒழுக்கத்தில் உணவு’ என்னும் தலைப்பை எனக்கு அளித்துள்ளார்கள். நூல்களைத் துறைபோகக் கற்றவன் அல்லன் நான். துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆதலின் சாத்திர விளக்கங்களைக் கற்றறிந்தோரிடம் விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச விரும்புகின்றேன். உண்மையைச் சொன்னால், அறுபது வயதுவரை எனக்குச் சற்றும் தெரியாதிருந்த ஒன்று அது. நம் இல்லத்து அடுப்பைப் பற்றியே பேசப்போகின்றேன்.

தொடங்குமுன் உங்களிடம் இரண்டு வினாக்கள். நேற்று உங்கள் இல்லத்தில் எத்தனை முறை அடுப்பு ஏற்றப்பட்டது? ஏற்றியவர் யார்? விடையை உரக்கச் சொல்ல வேண்டா. மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் அதற்கே திரும்பி வருவோம்.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் பிழைப்பை நாடி இவ்வட சென்னைக்கு வந்தனர். துறைமுகமும் இரயில்வேயும் தொழிற்சாலைகளும் அவர்களுக்கு ஊதியம் அளித்தன. ஆயினும் நமக்கேற்ற உணவு இங்கே கடைவீதியில் கிடைக்கவில்லை. ஒருபுறம் மீன்பிடித் துறை, மறுபுறம் பூண்டும் வெங்காயமும் இன்றிச் சமைக்கத் தெரியாத உணவகங்கள். எனவே அக்காலத்தில் ‘வீட்டில் சமைப்பதா, வெளியில் உண்பதா’ என்னும் கேள்வியே எழவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தால் உணவு உண்டு, எரியாவிட்டால் பட்டினிதான்.

இன்று நிலை வேறு. கைப்பேசியைத் தொட்டால் அரைமணி நேரத்தில் உணவு வாயிலுக்கு வருகிறது. பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் கொண்டுவந்த அத்தோ முதல் வடநாட்டுச் சாட் வகைகள் வரை மாலையில் தெருவெங்கும் மணக்கின்றன. நடுவண் அரசின் 2023-24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புறங்களில் செலவிடப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ 11 ரூபாய் பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவுகள் ஆகியவற்றுக்கே போகின்றது. உணவுப் பிரிவில் மிகப் பெரிய பங்கு இதுவே. இச்செய்தியைக் கூறி இளைய தலைமுறையைக் கடிந்துகொள்ள நான் வரவில்லை. கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்பதை நீங்களே சற்று நேரத்தில் அறிவீர்கள்.

நம்மைப் பொறுத்தவரை வீட்டுச் சமையல் சுவைக்காகவோ சிக்கனத்துக்காகவோ மட்டும் வேண்டப்படுவதன்று. நம் நோன்புகள் பலவும் அடுப்பங்கரையில்தான் நிற்கின்றன. நீரை வடிகட்டிக் கொள்ளல், தானியத்தை ஆய்ந்து சிற்றுயிர் நீக்கல், கிழங்கும் தேனும் விலக்கல், அட்டமி சதுர்த்தசி நாள்களைப் போற்றல் ஆகிய யாவும் சமைப்பவர் கையில் உள்ளன. இவற்றுள் நகர வாழ்வில் மிகவும் நலிந்து வருவது இரவுண்ணாமை.

காரணம் எளிது. சென்னையில் நவம்பர் இறுதியில் கதிரவன் மாலை 5.40 மணியை ஒட்டி மறைகின்றான். ஜூலைத் தொடக்கத்தில்கூட 6.40 மணியளவில் மறைந்துவிடுகின்றான். மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்கள் முன்பே உணவை முடித்துக்கொள்வோரும் நம்மிடையே உள்ளனர். அலுவலகமோ ஆறு மணிக்குத்தான் விடுகின்றது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டபின் பயண நேரம் குறைந்தது உண்மை. ஆயினும் கிண்டியிலிருந்து ஆறு மணிக்குப் புறப்படுபவர் தண்டையார்பேட்டை நிலையத்தில் இறங்கி, வீடு சேர்ந்து, அதன்பின் அரிசி களைந்தால் எந்தக் கதிரவன் அவருக்காகக் காத்திருப்பான்?

இனி என் கதைக்கு வருகின்றேன்.

நான் இருபத்தாறு வயதில் இரவுண்ணாமை விரதம் ஏற்றேன். பணிக்காலத்தில் பெரும்பாலும் இரண்டாம் ஷிப்ட். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடியும். நண்பர்கள் இரவு எட்டு மணிக்கு உணவுப்பெட்டியைத் திறக்கும்போது, நான் மாலை 5 மணிக்கே உண்டு முடித்திருப்பேன். “நயினார் கட்டுப்பாடான ஆள்” என்று பலர் பாராட்டுவர். அப்பாராட்டை நான் மறுத்ததே இல்லை. திருமண விழாக்களிலும் இதுபோன்ற மேடைகளிலும் என் விரதத்தைப் பற்றிப் பெருமையாகவே பேசியிருக்கின்றேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, நவம்பர் மாதத்து அடைமழையில், என் துணைவியார் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரங்கள் மாவுக்கட்டு. மகன் ஓசூரில், மகள் வெளிநாட்டில். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

முதல் இரண்டு நாள் எதிர்வீட்டு அம்மையார் உதவினார். அவர் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மாலை நாலரை மணிக்கே வாழைப்பழமும் காய்ச்சிய பாலும் கொண்டுவந்து, “விளக்கு வெச்ச பிறகு நீங்க சாப்பிட மாட்டீங்களே, அதான் இப்பவே எடுத்தாந்தேன்” என்றார். பாலைப் புதிய பாத்திரம் வாங்கிக் காய்ச்சியதாகவும் கூறினார்.

மூன்றாம் நாள் அவர் ஊரில் இல்லை. நானே சமைத்துவிடலாம் என்று துணிந்தேன். நாலரை மணிக்கு அடுப்படிக்குச் சென்றேன். பருப்பு எந்தப் பாத்திரத்தில், உப்பு எவ்வளவு, குக்கரின் வெயிட் எங்கே, எதுவும் எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்தவாறே அவர் சொல்லச் சொல்ல நான் தடுமாறினேன். முதலில் வைத்த அரிசி அடிப்பிடித்தது. மறுபடி வைத்தேன். அது வெந்து இறங்கியபோது மணி ஆறே முக்கால். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

எனக்கோ கடும் பசி. தட்டில் போட்டு உண்டேன். அவருக்கும் ஒரு தட்டில் கொண்டு சென்றேன். “எனக்கு வேண்டாங்க, பொழுது போயிடுச்சு” என்று கூறி, மருந்தை மட்டும் நீருடன் விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னைக் குறைகூறி ஒரு சொல் இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக ‘என் விரதம்’ என்று நான் பேசிவந்தது யாருடைய விரதம்? நண்பகலுக்குள் சமைத்து, ஆறவிட்டு, இரண்டு அடுக்குப் பெட்டியில் கட்டி, நான் புறப்படும்போது கையில் கொடுத்தவர் அவர். ஒருநாள் அவர் கை ஓய்ந்தது. மூன்றாம் நாளே என் விரதமும் ஓய்ந்தது. அவர் விரதமோ முறிந்த கையோடும் பசியோடும் நின்றது. இதை இம்மேடையில் சொல்வதற்கு அவரிடம் இசைவு பெற்றே சொல்கின்றேன்.

பின்னர் ஒருநாள் சிலப்பதிகாரத்தை எடுத்துப் படித்தபோது, கொலைக்களக் காதையில் ஓரிடம் என்னை நிறுத்தியது. கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்புவித்த கண்ணகியையும் கோவலனையும் மாதரி தன் மனையில் தங்கவைக்கின்றாள். அவள் ஆயர்குலத்தவள், நம் நெறியினள் அல்லள். ஆயினும் வந்திருப்போர் சாவக நோன்பிகள் என்பதை அறிந்து, அவர்களுக்குரிய உணவு ஆக்குவதற்கு நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்கச் செய்கின்றாள். அவ்வுணவு பகற்பொழுதில் உண்பதற்குரியது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைப்பழமும் நெல்லரிசியும் பாலும் வருகின்றன. மாதரியின் மகள் ஐயை தீ மூட்டுகின்றாள். கண்ணகி காய் அரிகின்றாள். விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது, புகையால் கண் கலங்குகின்றது.

பள்ளியில் இதைப் படித்தபோது கண்ணகியின் கற்பைப் பற்றிய பகுதி என்றே எண்ணினேன். இப்போது படிக்கையில் வேறொன்று தெரிந்தது. கோவலன் ஒருவன் பகலில் உண்பதற்கு மூன்று பெண்களின் கைகள் வேண்டியிருந்தன. பொருள் தருபவர் ஒருவர், தீ மூட்டுபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர். நம் இல்லங்களில் இம்மூன்று பணிகளையும் ஒருவரே செய்கின்றார். அலுவலகமும் சென்று வருகின்றார். எதிர்வீட்டு அம்மையார் பாலோடு வந்து நின்றதையும் அப்போது நினைத்துக்கொண்டேன். வேற்றுக் குடியினளான ஒருத்திக்கு நம் நோன்பின் நேரம் தெரிந்திருக்கிறது. அந்நோன்பை ஏற்ற எனக்கு அரிசி வேகும் நேரம் தெரியவில்லை.

இது என் ஒருவன் குறை மட்டும் அன்று. நடுவண் அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒருநாளில் 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகக் கூறுகின்றது. உலக நாடுகளில் காலப் நிறுவனம் 2022இல் எடுத்த கணக்கில், ஒரு வாரத்தில் பெண்கள் சமைத்த வேளைகள் ஏறத்தாழ ஒன்பது; ஆண்கள் சமைத்தவை நான்கு. ஆண்கள் பெண்களைவிட மிகுதியாகச் சமைத்த நாடு இத்தாலி ஒன்றே.

ஆகவே ‘வீட்டில் சமையுங்கள்’ என்று மேடையில் முழங்குவது, பல இல்லங்களில் ஒருவர் தோளில் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகவே முடியும். சுமையைக் குறைப்பதும் பகிர்வதும் எவ்வாறு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நாளிதழ்களும் தொலைக்காட்சியும் கூறும் வழி ஒன்று உண்டு: ஞாயிறன்று வாரம் முழுமைக்கும் சமைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கிவிடுங்கள் என்பது. நமக்கு அது பொருந்தாது. உணவுப் பொருள்களுக்குக் கால எல்லை வகுத்தது நம் மரபு. சோறும் பருப்பும் இரண்டு சாமம், அதாவது ஆறு மணி நேரம். சப்பாத்தி முதலியன நான்கு சாமம். அரைத்த மாவு குளிர்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் என்பது பொதுவழக்கு. குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் சற்று வேறுபடலாம். உங்கள் இல்லத்துப் பெரியோரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சமைத்ததைச் சேமித்தல் நமக்கு இல்லை. ஆனால் சமையலுக்கு முந்திய வேலையைச் சேமிக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

முதலாவது, ஆய்தல். நம் சமையலில் நேரத்தை மிகுதியாக உண்பது தானியமும் பருப்பும் ஆய்ந்து தூய்மை செய்வதே. உயிர்க்கொலை தவிர்த்தலின் உயிர்நாடியும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தார் அனைவரும் முறத்தோடு ஒருமணி நேரம் அமர்ந்தால் ஒரு வாரத்துக்கானது முடிந்துவிடும். பேரக்குழந்தைகளையும் உட்கார வையுங்கள். புழுவைக் கண்டால் நசுக்காமல் எடுத்து விடுவதைக் காட்டிலும் சிறந்த அகிம்சைப் பாடம் ஏது?

இரண்டாவது, ஒரே தீயில் பல உணவு. குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் நீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுகின்றது. ஆகவே விரைவில் வேகின்றது. அடித்தட்டில் துவரம் பருப்பு, நடுத்தட்டில் அரிசி, மேல்தட்டில் நறுக்கிய பூசணியோ அவரையோ வைத்தால் ஒரே முறையில் மூன்றும் ஆகிவிடும். பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்தால் இன்னும் எளிது. விசில் வந்தபின் அடுப்பை அணைத்துவிட்டாலும் உள்ளிருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். எரிவாயுவும் மிச்சம்.

மூன்றாவது, மாலைக்கு எளிய உணவு. மாலை வேளைக்குச் சாம்பார், பொரியல், கூட்டு, இரசம் என்று நான்கு வகை வேண்டும் என்னும் எண்ணத்தை விட்டுவிடலாம். பாசிப்பருப்புப் பொங்கல், அரிசி உப்புமா, அவல் உப்புமா, பீர்க்கங்காய்த் துவையலுடன் சூடான சோறு இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் ஆகிவிடும். உணவில் எளிமை வறுமையின் அடையாளமன்று. அளவறிந்து உண்பதை அவமோதரியம் என்று தவங்களுள் ஒன்றாகவே வைத்தனர் நம் ஆசாரியர்.

நான்காவது, அலுவலகத்தில் இருப்போர்க்கு. காலையில் கட்டிய சோறு மாலைக்குக் கால எல்லையைக் கடந்துவிடும். ஆதலின் மதியத்துக்குச் சோறும் மாலைக்குச் சப்பாத்தியுமாக இரண்டு சிறு பெட்டிகள் கொண்டுசெல்லலாம். அல்லது பொரியும் பொட்டுக்கடலையும் இரண்டு வாழைப்பழமும் போதும். மாலை 5 மணித் தேநீர் இடைவேளையில் அதை உண்டுவிட்டால், வீடு திரும்பியபின் அடுப்பு ஏற்றவே வேண்டா. களைத்து வந்தவர்க்கு ஓய்வும் ஆயிற்று, நோன்பும் நின்றது. ஒருவேளை அடுப்பை ஏற்றாமலிருப்பதும் சமையலை எளிதாக்கும் வழிதான். உரலும் அம்மியும் அடுப்பும் நீர்க்குடமும் துடைப்பமும் இல்லறத்தான் அறியாமல் உயிர்களுக்கு ஊறு செய்யும் ஐந்து இடங்கள் என்பர். தேவையின்றி ஒருமுறை குறைவாக அடுப்பெரிந்தால் அதுவும் அறமே.

ஐந்தாவதும் முதன்மையானதும், கற்றல். ஆண்களே, உங்களைத்தான் கூறுகின்றேன். விரதம் ஏற்கும் ஒவ்வொருவரும் அவ்விரதத்தைக் காக்கும் அளவுக்குச் சமைக்கக் கற்றிருக்கவேண்டும். சோறு வடித்தல், பருப்பு வேகவைத்தல், ஒரு காய் வதக்குதல், ஒரு பொங்கல் கிளறுதல் ஆகிய நான்கு போதும். நான் அறுபது வயதில், ஆறு வாரத்தில் கற்றேன். முதல் வாரம் உப்பு கூடியது. இரண்டாம் வாரம் காரம் கூடியது. மூன்றாம் வாரம் என் துணைவியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார். துறைமுகத்தில் பெற்ற எந்தப் பாராட்டும் அதற்கு ஈடாகாது. கட்டுப் பிரித்தபின்னும் மாலைச் சமையல் என்னுடையதாகவே நின்றுவிட்டது.

இறுதியாக, சமூகத்துக்கு ஒரு வேண்டுகோள். சமைக்க இயலாதவர்க்குச் சமைத்துத் தரும் பணியில் இவ்வட சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. நம் பகுதியில் கல்லூரிக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் பெயராக விளங்கும் சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்க்கு மதிய உணவு தொடங்கப்பட்டது. அது 1956இல் காமராசர் காலத்திலும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் மாநிலம் தழுவி விரிந்தது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவைப் பொதுவில் ஆக்கியபோது, பல்லாயிரம் தாய்மாரின் காலைப் பொழுதும் எளிதாயிற்று.

ஆகார தானம், மருந்து தானம், சாத்திர தானம், அபய தானம் என்னும் நான்கில் ஆகார தானத்தை முனிவர்க்கு உரியதாகவே பெரும்பாலும் எண்ணுகின்றோம். நம் சிற்றூர்களிலிருந்து எண்ணூருக்கும் மணலிக்கும் வேலைக்கு வந்து, அடுப்பில்லாத அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்கள் உள்ளனர். பிள்ளைகள் தொலைவில் வாழ, தனித்திருக்கும் முதியோர் உள்ளனர். மகப்பேறு முடிந்தவர், நோயுற்றவர், கை முறிந்தவர் உள்ளனர். நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் வாரத்தில் ஒருநாள், ஒரேயொரு மாலை, இருவர்க்கு மிகுதியாகச் சமைத்து ஐந்து மணிக்குள் சேர்ப்பிக்க முன்வந்தால், நம் வட்டாரத்தில் உணவின்மையால் ஒருவர் நோன்பும் முறியாது. இதற்கெனப் பெரிய நிதி வேண்டா. யார் எந்நாள் என்று எழுதிய ஒரு தாள் ஆலயத்தில் தொங்கினால் போதும். அத்தாளில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மாலை என்னுடையது.

இனித் தொடக்கத்தில் கேட்ட வினாக்களுக்கு வருவோம். நேற்று எத்தனை முறை அடுப்பு ஏற்றப்பட்டது? ஏற்றியவர் யார்? இரண்டாம் வினாவுக்கு உங்கள் மனத்தில் ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது என்றால், இன்று மாலை வீடு சென்றதும் அவரை உட்காரச் சொல்லுங்கள். அரிசியை நீங்கள் களையுங்கள். இப்போது மணி மூன்றரை. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக! ஜெய் ஜினேந்திரா.